தோசைக்கல் போதாது மாப்ளே

மாப்ளே,

மெசேஜ் போட்டால் பதிலே வருவதில்லை என்று நெட்டையிடம் புலம்பினாயாம். சரி, இதோ மொத்தமாக வாங்கிக்கொள். வீட்டில் எல்லோரும் நலம், வீட்டுக்காரிக்கு இன்னும் நைட் டியூட்டிதான், ஸ்வான்ஸீயில் மழை இன்னும் நிற்கவில்லை. அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததற்கு நன்றியெல்லாம் சொல்ல மாட்டேன், அது உன் கடமை.

விஷயம் என்னவென்றால், நான் கேக் செய்தேன். சிரிக்காதே. ஹாஸ்டலில் வெந்நீரையே தீய்த்தவன் என்று நீ ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருப்பது தெரியும். ஆனாலும் உன்னை மாதிரி பேக்கரி முதலாளி ஒருத்தனுக்கு நான் பாடம் எடுக்கிற காலம் வந்துவிட்டது, அதுவும் ஓவனே வேண்டாத கேக்கில்.

மார்ச் 1 இங்கே வேல்ஸில் செயின்ட் டேவிட் நாள், இந்த நாட்டுக் காவல் புனிதரின் திருநாள். பெண் பிள்ளைகள் உயரமான கறுப்புத் தொப்பியும் சால்வையுமாகப் பள்ளிக்கூடம் போவார்கள், பையன்கள் சிவப்பு ரக்பி சட்டையில் டாஃபடில் பூவைக் குத்திக்கொண்டு திரிவார்கள். வீட்டில் செய்த பண்டம் ஏதாவது கொண்டுவரலாம் என்று டீச்சர் சொல்லிவிட்டார், உடனே நம் சின்னது, கல்லில் சுடுகிற இந்த ஊர் வெல்ஷ் கேக்தான் வேண்டும், நீதான் செய்யணும் என்று ஒரே பிடி. இங்கே மார்க்கெட்டில் கண் முன்னாலேயே கல்லில் போட்டுச் சுடச்சுடப் பையில் கட்டித் தருகிறார்கள், அதை வாங்கி டப்பாவில் மாற்றிக் கொடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டேன். "எனக்குத் தெரியுமே" என்கிறாள். உன் மருமகள் அப்படி.

அளவைச் சொல்லிவிடுகிறேன், பேனாவை எடு. மைதா 225 கிராம், வெண்ணெய் 110, சர்க்கரை 85, கரண்ட் என்கிற குட்டி உலர்திராட்சை ஒரு பெரிய கைப்பிடி, முட்டை ஒன்று, ஒரு சிட்டிகை உப்பு, ஜாதிக்காய் பட்டை கலந்த பொடி அரை டீஸ்பூன். இங்கே பேக்கிங் பவுடர் கலந்தே மாவு விற்கிறது. நீ இரண்டேகால் டீஸ்பூன் தனியாகச் சேர்த்துச் சலித்துக்கொள். வெண்ணெய் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த சில்லிப்போடு இருக்கவேண்டும். விரல் நுனியால் மட்டும், உள்ளங்கைச் சூடு படாமல், புட்டுக்குப் பிசிறிய மாவு மாதிரி ஆகும்வரை தேய்க்கவேண்டும். அப்புறம் சர்க்கரை, பொடி, திராட்சை, கடைசியாக அடித்த முட்டை. சேரவில்லை என்றால் ஒரு சொட்டு பால், அவ்வளவுதான். உன் மாஸ்டர் பரோட்டா மாவை அடிக்கிற மாதிரி இதைப் பிசைந்தால் கேக் இறுகிப் போகும், அவரைக் கிட்டவே விடாதே. முக்கால் சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, ஓரம் நெளிந்த வட்ட அச்சால் வெட்டு. அச்சு இல்லாவிட்டால் டம்ளர் போதும்.

இதுவரை எல்லாம் சுலபம். கல்லில்தான் கதையே இருக்கிறது.

நான் நம் தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றி வைத்திருந்தேன். பக்கத்து வீட்டுப் பாட்டி (உன்னிடம் வீடியோ காலில் "யுவர் ஃப்ரெண்ட் லுக்ஸ் டயர்ட்" என்று சொன்னாரே, அவரேதான்) சர்க்கரை கேட்டு வந்தவர், கல்லின் ஓரத்தை விரலால் சுண்டிப் பார்த்தார், தலையை ஆட்டினார், ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு இரும்புப் பலகையை இரண்டு கையாலும் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார். வட்டமாக, கன்னங்கரேலென்று, அரை அங்குல கனம் இருக்கும். பேக்ஸ்டோன் என்கிறார்கள். அந்தக் காலத்தில் நிஜமான கல்லாகவே இருந்ததாம், இப்போது எல்லாம் வார்ப்பிரும்பு.

கல் மெலிதாக இருந்தால் சூடு சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். தோசை சீக்கிரம் வெந்துவிடும், அதற்கு அது போதும். இதற்கு வேண்டியது நேர் எதிர். மந்தமான சூடு, நெடுநேரம், ஒரே மாதிரி. இல்லையென்றால் மேலே கறுத்து உள்ளே பச்சை மாவாக நிற்கும், சர்க்கரை வேறு இருக்கிறதே, கேட்கவே வேண்டாம். பாட்டி ஒரு சிட்டிகை மாவைக் கல்லில் தூவினார். உடனே கறுத்தால் சூடு அதிகமாம், மெதுவாகப் பழுப்பேறினால் சரியாம். கொஞ்சமாக வெண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, வெட்டிய வட்டங்களை அடுக்கி, பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம். மேலே துருத்திக்கொண்டிருக்கிற திராட்சையை உள்ளே அழுத்திவிடவேண்டும், கல்லில் பட்டால் கரிந்து கசக்கும். திருப்பிப் போட்டதும் ஓரத்தைப் பார்: நடுவில் ஒரு வெளிர் வளையம் தெரியும், அதை விரலால் தொட்டால் பஞ்சு மாதிரி உள்வாங்கி எழும்பவேண்டும், ஈரமாக ஒட்டினால் இன்னும் ஆகவில்லை. எடுத்த சூட்டிலேயே இரண்டு பக்கமும் சர்க்கரையில் புரட்டு. ஆறிப்போனால் ஒட்டாது.

அவர் பங்குக்குப் பாதி வெண்ணெய், பாதி பன்றிக் கொழுப்பு போடுவாராம், அப்போதுதான் வாயில் கரையுமாம். நான் முழுக்க வெண்ணெய். அம்மாவிடம் இந்த வரியை மட்டும் படித்துக் காட்டாதே. மார்க்கெட்டில் சாக்லெட் துண்டு போட்டதெல்லாம் விற்கிறார்கள் என்றதும் பாட்டி முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே!

அவர் அப்பா மலைப்பக்கம் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். எலி கடிக்காமலிருக்கத் தகர டப்பாவில்தான் சாப்பாடு, ஒரு புட்டியில் ஆறின டீ. உள்ளே எதையும் சூடு பண்ண முடியாது, தீப்பெட்டி கொண்டுபோனாலே குற்றம், மீத்தேன் பற்றிக்கொள்ளும். நொறுங்காத, கெட்டுப்போகாத, சட்டைப்பையில் போட்டாலும் தாங்குகிற பண்டமாக இது இருந்தது. கரிக்கையால் பிடித்த ஓரத்தை அப்படியே வீசிவிடுவாராம் அப்பா. சின்ன வயதில் அதை வீண் என்று நினைத்தேன் என்றார் பாட்டி. அப்பாவின் கடைசி வருடங்கள் முழுக்க மூச்சிரைப்பிலேயே போயின என்று சொல்லிவிட்டு, உடனே அடுப்பைக் குறைக்கச் சொன்னார். தெற்கு வேல்ஸ் பள்ளத்தாக்குகளின் கடைசி ஆழச் சுரங்கமான டவர் கோலியரியை 1995இல் தொழிலாளர்களே ஆளுக்கு 8,000 பவுண்டு போட்டு வாங்கி நடத்தினார்களாம், அதுவும் 2008இல் மூடிவிட்டது. அதைச் சொல்லும்போது மட்டும் பாட்டிக்குக் குரல் ஏறியது.

இப்போது நான் எழுதவந்த விஷயம். அவர் கோடைக்குள் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு மகளோடு பிரிஸ்டல் போகிறார். அந்தக் கல்லை எடுத்துப் போகவில்லை, நீயே வைத்துக்கொள் என்கிறார். அவருடைய பாட்டி காலத்துக் கல். மகள் வீட்டில் கண்ணாடி அடுப்பாம், கீறல் விழுமாம், பேரனுக்கு நான்ஸ்டிக் போதுமாம். எனக்கு வாங்கக் கை கூசுகிறது. நாளைக்குப் பேரனுக்குக் கல்யாணமாகி, ஏதோ ஒரு மார்ச் மாதம் ஞாபகம் வந்து, கல் எங்கே என்று கேட்டால்? பக்கத்து வீட்டு இந்தியாக்காரனிடம் இருக்கிறது என்பது என்ன பதில்? வேண்டாம் என்றாலோ, பழைய சாமான் கடைக்குப் போகும். வீட்டுக்காரியிடம் கேட்டேன், வாங்கிவை, அட்ரஸ் கொடுத்து வை, கேட்டால் திருப்பிக் கொடு என்கிறாள். கேட்க எளிதாக இருக்கிறது. எனக்கு ராத்திரியெல்லாம் இதே யோசனை.

உன்னிடம் கேட்கக் காரணம் இருக்கிறது. பேக்கரியில் உன் அப்பாவின் விறகு அடுப்பை இடித்துவிட்டு டீசல் ஓவன் போடப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் என்று சொல்லவில்லை, விறகு விலை எனக்குத் தெரியாதா. ஆனால் அந்தச் செங்கல்லை யாராவது கேட்டு வந்தால் என்ன செய்வாய்? கொடுப்பாயா, சும்மா போட்டு வைப்பாயா? நிஜமாகக் கேட்கிறேன், நக்கல் பண்ணாமல் பதில் போடு.

சின்னது டப்பாவைக் காலியாகத்தான் திருப்பிக் கொண்டுவந்தாள். டீச்சர் இரண்டு எடுத்தாராம்.

அப்புறம், நீ செய்து பார்க்கும்போது வெண்ணெய்க்குப் பதில் டால்டா போட்டு லாபக் கணக்குப் பார்க்காதே, எனக்கு உன்னைத் தெரியும். வார்டனைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல். அந்த நானூறு ரூபாயைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே.

உன்,
வெந்நீர்