எந்த சுவிட்ச், அண்ணே?

அலுவலகக் கட்டடங்களுக்கு மின் டிசைன் போடும் கன்சல்டன்ட்டுகளுக்கும், அதில் கையெழுத்துப் போடும் ஆர்க்கிடெக்ட்டுகளுக்கும்,

வணக்கம்.

வயர்மேனாக வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இப்போது பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் ஐடி கட்டடங்களில் பராமரிப்பு மேற்பார்வை. நீங்கள் வரைபடத்தில் சின்னக் கட்டமாகப் போட்டுவிட்டுப் போகிற விளக்கை, அடுத்த பத்து வருடம் ஏணி போட்டு ஏறிப் பார்க்கிறவர்கள் நாங்கள்தான். கொஞ்ச காலமாக உங்கள் வரைபடங்களில் நெட்வொர்க் கேபிளிலேயே எரியும் எல்இடி விளக்குகள் வர ஆரம்பித்திருக்கின்றன. பிஓஇ (பவர் ஓவர் ஈதர்நெட்) என்பார்கள், டேட்டா போகும் கேபிளிலேயே கரண்டும் போகும். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கட்டடத்தில் ஒரு தளம் முழுக்க இந்த விளக்குகள். ஒரு சனிக்கிழமை நள்ளிரவு தாண்டி இரண்டு மணி. ஐந்தாவது மாடியில் விளக்கு மொத்தமும் போய்விட்டது என்று செக்யூரிட்டியிடமிருந்து போன். நைட் ஷிப்டில் நாற்பது பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஏசி ஓடுகிறது, கம்ப்யூட்டர் எல்லாம் ஓடுகிறது, கூரை மட்டும் இருட்டு. டிபியை, அதாவது மின் விநியோகப் பெட்டியைத் திறந்தால் எல்லா எம்சிபியும் மேலேதான் நிற்கிறது, எதுவும் டிரிப் ஆகவில்லை. ஏணி போட்டு, பால்ஸ் சீலிங் டைலைத் தள்ளி, விளக்குக்கு வரும் கேபிளைக் கழற்றி டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. அது எப்படி எரியும்? அந்தக் கேபிளில் நல்ல நாளிலேயே சுமார் ஐம்பது வோல்ட் டிசிதான். நம் சட்டைப்பையில் இருக்கும் நியான் டெஸ்டருக்கு அது போதாது. கேபிள் செத்ததா, விளக்கு செத்ததா என்று சொல்ல என் கையில் ஒரு கருவியும் இல்லாமல் ஏணி மேல் நின்றேன்.

கடைசியில் வேறு ஊரில் இருந்த நெட்வொர்க்காரர் போனில் கிடைத்தார். "சுவிட்ச் அப்கிரேட் போயிட்டு இருக்கு, இருபது நிமிஷம் ஆகும்" என்றார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த பையன் சுவரில் இருந்த சுவிட்ச் போர்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "எந்த சுவிட்ச், அண்ணே?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எலெக்ட்ரீஷியனுக்குச் சுவிட்ச் என்றால் சுவரில் இருப்பது. நெட்வொர்க்காரர்களுக்கோ அது பூட்டிய அறைக்குள் ரேக்கில் இருக்கும் பெட்டி. இந்த விளக்குகளுக்குக் கேபிள் வழியே கரண்ட் அனுப்புவது அதுதான். அந்த அறையின் சாவி எங்களிடம் இல்லை. பாஸ்வேர்டும் இல்லை. விளக்கு எரியாததைச் சொன்னால், "லைட் எங்க ஸ்கோப் இல்லையே" என்றார் அவர். அது யாருடைய ஸ்கோப் என்று டிசைன் போட்ட அன்றைக்கு யாரும் எழுதி வைக்கவில்லை. எக்ஸிட் விளக்குகள் பழைய முறையில் தனி பேட்டரியோடு இருந்ததால் யாரும் தடுக்கி விழாமல் தப்பித்தார்கள்.

இதைப் படித்துவிட்டு, பழைய ஆள், புதுசு என்றால் பயப்படுகிறான் என்று நினைக்க வேண்டாம். இந்த விளக்கு எனக்குப் பிடிக்கும். 230 வோல்ட்டில் அடி வாங்கியவன் நான். ஈரக்கையோடு சோக் மாற்றப் போய், ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டு விலகியது இன்னும் மழைக்கு வலிக்கும். இங்கே அந்தப் பயம் இல்லை. கிளிப்பை அமுக்கி இழுத்தால் டிக் என்று கழன்று வருகிறது, வேறு விளக்கில் செருகினால் இரண்டு மூன்று நொடியில் எரிகிறது. அந்த இரண்டு மூன்று நொடியும் சும்மா போவதில்லை. எதிர்முனையில் இருப்பது தன் இனம்தானா என்று சுவிட்ச் முதலில் சின்ன வோல்டேஜ் அனுப்பி, சுமார் 25 கிலோ ஓம் எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முழு மின்சாரத்தை விடும். யாராவது தெரியாமல் லேப்டாப்பைச் செருகினாலும் புகையாது.

குடியிருக்கும் கம்பெனி வருடத்துக்கு ஒரு தடவை கேபினை இடித்துக் கான்பரன்ஸ் ரூம் ஆக்கும், மறு வருடம் அதை இடிக்கும். ஒவ்வொரு தடவையும் கான்ட்யூட் பிரித்து ஒயர் இழுத்த எங்களுக்கு இந்த முறை எவ்வளவு நிம்மதி தெரியுமா? எந்த விளக்கு எந்தப் பட்டனுக்கு என்பதைக் கம்ப்யூட்டரிலேயே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் விற்க வருகிறவர்கள் இதைச் சொல்வதில்லை, கரண்ட் பில் குறையும் என்பதையே சொல்கிறார்கள். பில் குறைவதில் பெரும்பங்கு எல்இடியாலும், ஆள் இல்லாதபோது அணைக்கும் சென்சாராலும் வருவது. அது இரண்டும் 230 வோல்ட்டிலும் கிடைக்கும். ரேக்கில் இருபத்துநாலு மணி நேரமும் உட்கார்ந்திருக்கும் சுவிட்சுகளுக்கும் கரண்ட் வேண்டுமே, அதைக் கணக்கில் சேர்த்தீர்களா?

பிரசன்டேஷன் என்றாலே ஆம்ஸ்டர்டாமின் 'தி எட்ஜ்' கட்டடம்தான். 6,000-க்கும் மேற்பட்ட விளக்குகள், பிலிப்ஸ் செய்தது, ஊழியர்கள் போனிலிருந்தே தங்கள் தலைக்கு மேல் இருக்கும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம். நல்ல வேலை, மறுக்கவில்லை. ஆனால் அது டிலாய்ட் என்ற ஒரே நிறுவனம் முக்கிய வாடகைதாரராக வரப்போகிறது என்று தெரிந்து திட்டமிட்ட கட்டடம். நம் ஊரில் கட்டடம் ஒருவருடையது, தளம் இன்னொருவர் வாடகைக்கு எடுத்தது, அவருடைய நெட்வொர்க்கைப் பார்ப்பது மூன்றாவது ஆள், விளக்கைப் பார்ப்பது நாங்கள். ஆம்ஸ்டர்டாமை அப்படியே தூக்கி இங்கே வைத்தால் என் சனிக்கிழமை ராத்திரிதான் வரும்.

அவ்வளவு தூரம் போவானேன்? 48 வோல்ட் டிசியில் விளக்கும் விசிறியும் ஓட்டலாம் என்று சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவினர் பல வருடம் முன்பே செய்து காட்டினார்கள். இங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்கிறது.

அப்புறம் அந்தப் பெயர். 'லோ வோல்டேஜ் லைட்டிங்' என்று நீங்கள் சொன்னதும் ஒரு கட்டட ஓனர் முகம் சுளித்தார். பாவம், அவருக்கு லோ வோல்டேஜ் என்றால் மே மாதம் சாயங்காலம் விசிறி ஆடி ஆடிச் சுற்றுவது. கூப்பிடும் பெயரையாவது மாற்றுங்கள்.

இனி கேபிள். இதில் எனக்குக் கோபமே உண்டு. நாம் போடும் சாதாரண 2x2 அடி பேனல் விளக்கு 36 வாட். 2009-இல் வந்த பிஓஇ தரநிலையில் விளக்குக்கு வந்து சேருவது அதிகபட்சம் 25.5 வாட்தான். 2018-இல் வந்த 802.3பிடி என்ற தரநிலையில் ஒரு போர்ட்டிலிருந்து 90 வாட் வரை புறப்படலாம், 100 மீட்டர் கேபிளைக் கடந்து 71.3 வாட் கைக்கு வரும். மீதி கேபிளில் சூடாகப் போகிறது. ஒரு கேபிள் என்றால் கவலையில்லை. நூறு கேபிளை டை போட்டு இறுக்கி, காற்றே இல்லாத சீலிங்குக்குள் திணித்தால் நடுவில் இருப்பது வெந்துபோகும். உங்கள் டெண்டரில் 'கேட்-6 கேபிள்' என்று ஒரே வரிதான். கான்ட்ராக்டர் விலை குறைந்ததைத் தேடுவார். சந்தையில் தாமிரப் பூச்சு பூசிய அலுமினியக் கம்பி அதே நீல உறையில், அதே அச்சோடு கிடைக்கிறது. பிளேடால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் பல்லிளிக்கும். டேட்டா மட்டும் போனால் எப்படியோ ஓடிவிடும், கரண்ட் போனால் தாங்காது. 'முழுத் தாமிரம், 23 கேஜ் (கம்பியின் தடிமன்)' என்று எழுதுங்கள். வந்து இறங்கும் ஒவ்வொரு பெட்டியையும் சுரண்டிப் பார்க்க எங்களை விடுங்கள். சுவிட்ச் ரேக்கைக் கட்டடத்தின் ஒரு மூலையில் வைக்காமல் தளத்தின் நடுவில் வையுங்கள், கேபிளும் மிச்சம், கரண்டும் மிச்சம்.

சுவிட்ச் ரீஸ்டார்ட் ஆகும்போதும் போர்ட்டில் கரண்டை விடாமல் வைத்திருக்கும் மாடல்கள் உண்டு. விலை கொஞ்சம் கூட. அதைத்தான் முதல் ரவுண்டிலேயே வெட்டுகிறார்கள். வெட்ட விடாதீர்கள். பக்கத்துப் பக்கத்து விளக்குகளை இரண்டு சுவிட்சுக்குப் பிரித்துக் கொடுங்கள், ஒன்று படுத்தாலும் அறையில் பாதி வெளிச்சம் நிற்கும். எக்ஸிட் விளக்குகளை இதில் கலக்கவே வேண்டாம்.

சாவியும் பாஸ்வேர்டும் யாரிடம் இருக்கும் என்று ஒப்பந்தத்தில் பெயர் போட்டு எழுதுங்கள். முழு அதிகாரம் வேண்டாம், ஒரு போர்ட்டை அணைத்துப் போடவும், கரண்ட் எவ்வளவு போகிறது என்று பார்க்கவும் எங்களுக்கு ஒரு லாகின் போதும். டெஸ்டருக்குப் பதில் ஒரு பிஓஇ டெஸ்டரும், எங்கள் பையன்களுக்கு இரண்டு நாள் பயிற்சியும் திட்டச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள்.

அடுத்த டிசைன் கூட்டத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரைக் கூப்பிடுங்கள். எங்கள் காலை ஷிப்ட் 2 மணிக்கு முடியும். அதற்கு மேல் எந்த நாள் என்றாலும் சரி.

இப்படிக்கு,
ஒரு பராமரிப்பு மேற்பார்வையாளர்,
சென்னை