அளவுத்தாள் இல்லாமல் எஞ்சினை மாற்ற வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தேய்ந்துபோன டீசல் எஞ்சினைப் பிரித்துச் சீரமைப்பதா, வேறோர் எஞ்சினையே பொருத்திவிடுவதா என்ற கேள்விக்குப் பல இடங்களில் புகையின் நிறத்தையும் வண்டி ஓடிய தூரத்தையும் மட்டும் வைத்தே விடை சொல்லப்படுகிறது. எஞ்சின் பட்டறையில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில், இந்த வழக்கத்தால் உரிமையாளர்கள் அடையும் இழப்பைக் கண்டு வருந்தியே இதை எழுதுகிறேன். கருவி வைத்து அளந்த எண்கள் எழுத்தில், ஓர் அளவுத்தாளாக, கைக்கு வரும்வரை உரிமையாளர்கள் எந்த முடிவுக்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை ஏறத்தாழ 14 முதல் 22 மடங்கு வரை இறுக்கும்போது எழும் வெப்பத்தில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. ஆகவே பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கும், சிலிண்டருக்குள் உறைபோல் பொருத்திய லைனரும் தேய்ந்து அழுத்தம் கசியத் தொடங்கினால், குளிர்ந்த எஞ்சின் எளிதில் ஸ்டார்ட் ஆகாது, இழுவை குறையும், ஆயில் செலவு கூடும். ஆனால் இதே அறிகுறிகளையும் புகையையும் ரிங், லைனர் தேய்மானத்தோடு தொடர்பில்லாத கோளாறுகளும் காட்டும். நீலப் புகை, எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போவின் சீலிலிருந்தோ வால்வு சீலிலிருந்தோ வரலாம். வெள்ளைப் புகை, டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகுவதால் வரலாம். கரும்புகைக்கு அடைத்துக்கொண்ட ஏர் ஃபில்டரோ கிழிந்த டர்போ ஹோஸோ போதும். நாங்கள் ஒருமுறை நீலப் புகை தள்ளிய ஒரு வண்டியின் எஞ்சினை முழுவதும் இறக்கி, புதிய பிஸ்டனும் ரிங்கும் லைனரும் போட்டுப் பூட்டினோம். புகை நிற்கவில்லை. டர்போவைக் கழற்றிப் பார்த்தபோது, அதன் வழியாகவே ஆயில் உள்ளே போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. அந்த உரிமையாளர் செலவழித்த பணத்தில் பெரும்பகுதி தேவையற்றது என்பது இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

எஞ்சினைப் பிரிப்பதற்கு முன்பே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. இன்ஜெக்டர் அல்லது குளோ பிளக் (குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் சூடேற்றி) துளையில் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும், அதாவது காற்று இறுகும் அழுத்தத்தையும், பார்க்கலாம். நல்ல நிலையில் உள்ள எஞ்சின்கள் பல 25 முதல் 35 பார் வரை காட்டும். எனினும் அந்த எஞ்சினுக்குரிய கையேடு சொல்லும் எல்லையும், சிலிண்டர்களுக்கு இடையே உள்ள வித்தியாசமுமே முக்கியம். பேட்டரி சோர்ந்திருந்தால் எஞ்சின் மெதுவாகச் சுற்றி, அளவு பொய்யாகக் குறையும். பெட்ரோல் எஞ்சினில் செய்வதுபோல் சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றி மறுபடி அளக்கும் முறையை நான் இதற்குப் பரிந்துரைப்பதில்லை. டீசல் எஞ்சினில் பிஸ்டனுக்கு மேலே எஞ்சும் இடம் மிகச் சிறியது என்பதால், ஊற்றிய ஆயிலே அந்த இடத்தை நிரப்பி அளவை உயர்த்திக் காட்டும். ஆயில் அதிகமானால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும் ஆபத்தும் உண்டு. அதைவிட, பிஸ்டனை உச்சத்தில் நிறுத்திக் காற்றை உள்ளே செலுத்தி, அது எங்கே கசிகிறது என்று காது கொடுத்துக் கேட்பது தெளிவான விடை தரும். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங், சைலன்சர் வழியே கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு, ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் அல்லது விரிசல். பழைய ஆயிலை ஆய்வகத்தில் சோதித்து, இரும்போடு சிலிக்கானும் கூடியிருப்பதாகத் தெரிந்தால், தூசி உள்ளே புகுந்து சிலிண்டரை அரைத்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

பிரித்த பிறகு முடிவைத் தீர்மானிப்பவை, சிலிண்டர்கள் அமைந்த உடற்பகுதியான பிளாக்கும், பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க்கும்தான். வெட் லைனர் (வெளிப்புறம் குளிர்விக்கும் நீரில் நேரடியாகப் படும் லைனர்) உள்ள பிளாக் சீரமைப்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. பழைய லைனரை உருவிவிட்டுப் புதியதை இறக்கலாம். அப்போது லைனரின் வெளிப்புறத்தில் குளிர்விக்கும் நீர் அரித்த குழிகள் இருக்கின்றனவா என்றும், புது லைனர் பிளாக்கின் மேல்மட்டத்திலிருந்து சரியான அளவு உயர்ந்து நிற்கிறதா என்றும் பார்க்க வேண்டும். லைனர் இல்லாத பிளாக்கில் போர் அடித்து, அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போடுகிறோம். அதற்கு ஓர் எல்லை உண்டு. கிராங்க்கும் அப்படியே. 0.25 மி.மீ. படிகளாக அதைக் கிரைண்டிங் செய்து குறைந்த அளவுக்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போடலாம் என்றாலும், சில கிராங்க்குகளின் கடினமான மேற்பரப்பு மிக மெல்லியது என்பதால் கிரைண்டிங்குக்குப் பிறகு அவற்றை மீண்டும் கடினப்படுத்த வேண்டியிருக்கும். காந்தத் துகள் சோதனையில் விரிசல் இல்லை என்று உறுதியாகி, அளவுகளும் எல்லைக்குள் இருந்தால், தயங்காமல் சீரமைக்கச் சொல்வேன். கனெக்டிங் ராடு பிளாக்கைத் துளைத்திருந்தாலோ, கிராங்க் கடைசி அளவையும் தாண்டியிருந்தாலோ, உதிரிபாகங்கள் கிடைப்பது நின்றுவிட்டாலோ, மாற்றுவதே சரி. வண்டி நிற்கும் ஒவ்வொரு நாளும் வருமானம் போகிறது என்ற நிலையில், உத்தரவாதத்தோடு வரும் மறுசீரமைத்த எஞ்சினை வாங்குவதையும் நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் விலை ஒப்பிடும்போது கவனம் வேண்டும். ஷார்ட் பிளாக் என்று சொல்லப்படுவது பிளாக், கிராங்க், பிஸ்டன் சேர்ந்த கீழ்ப்பகுதி மட்டுமே; அதில் ஹெட், பம்ப், இன்ஜெக்டர், டர்போ எதுவும் இருக்காது. பயன்படுத்திய எஞ்சினுக்கும் நாம் அறியாத ஒரு வரலாறு உண்டு. மேலே சொன்ன சோதனைகளை அதற்கும் செய்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், பழைய எஞ்சின் ஏன் கெட்டது என்று கண்டுபிடிக்காவிட்டால் புதியதும் அதே வழியில் போகும். ஏர் ஃபில்டருக்குப் பின்னால் ஹோஸில் உள்ள ஒரு சிறு வெடிப்பு புதிய ரிங்குகளையும் தின்றுவிடும். பேரிங் நொறுங்கிய எஞ்சினின் ஆயில் கூலருக்குள் உலோகத் துகள்கள் தங்கியிருக்கும். அதைக் கழுவிவிட்டோம் என்று நம்பிப் பொருத்துவதைவிடப் புதியதாக மாற்றுவதே பாதுகாப்பு. சீரமைத்த எஞ்சினை மணிக்கணக்கில் ஐடிலிங்கில் (சுமையின்றி, நின்ற இடத்தில்) ஓட்டுவதும் தவறு. மிதமான சுமையில் ஓடும்போதுதான் வாயு அழுத்தம் ரிங்குகளைச் சுவரோடு அழுத்திப் படியச் செய்யும். இல்லையேல் சிலிண்டர் சுவர் வழவழப்பாகி, எஞ்சின் ஆயில் குடிக்கத் தொடங்கும்.

பட்டறை நடத்துவோர் ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷன், சூடான நிலையில் ஆயில் அழுத்தம், மேலும் கீழும் குறுக்கிலும் அளந்த சிலிண்டர் விட்டம், கிராங்க் ஜர்னல் (பேரிங்கில் சுழலும் பகுதி) அளவுகள் ஆகியவற்றை, கையேட்டு எல்லைகளுக்குப் பக்கத்தில் ஒரே தாளில் எழுதி, கழற்றிய பாகங்களோடு உரிமையாளரிடம் காட்ட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு நல்ல மெக்கானிக்கிற்கு இது அரை மணி நேரக் கூடுதல் வேலைதான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்