பிஆர்பி ஊசி: எத்தனை மில்லி ரத்தம் எடுத்தார்கள்?

ஆசிரியருக்கு வணக்கம்.

நோயாளியின் ரத்தத்தையே இயந்திரத்தில் சுற்றி, பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணு) செறிந்த பகுதியைப் பிரித்துச் செலுத்துவதுதான் பிஆர்பி ஊசி. மூட்டு, தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நார்) காயங்களுக்கான இந்த ஊசி பற்றிய தங்கள் கட்டுரை, அது பலன் தருமா தராதா என்பதோடு நின்றுவிட்டது. எவ்வளவு பிளேட்லெட் உள்ளே போகிறது என்பதைக் கேட்காமல் அதற்குப் பதில் கிடைக்காது.

ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 2 லட்சம் பிளேட்லெட் என்றால் ஒரு மில்லியில் 20 கோடி. 10 மில்லி எடுத்து ஒன்றுவிடாமல் பிரித்தாலும் 200 கோடிதான். 60 மில்லியில் 1,200 கோடி. முழங்கால் தேய்மானத்துக்கு ஒரு தடவைக்கு 1,000 கோடியாவது வேண்டும் என்பது இத்துறையில் பலரின் கருத்து. சின்னக் குழாயில் எடுத்த ரத்தத்தை எந்த இயந்திரத்தில் சுற்றினாலும் அந்த எண்ணிக்கை வராது. 2021இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், முழங்கால் தேய்மானம் உள்ள 288 பேரில் பிஆர்பி போட்டவர்களுக்கு மருந்தில்லாத உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட ஓராண்டில் வலி குறிப்பிடும்படி குறையவில்லை. அங்கே செலுத்தியதன் செறிவு சாதாரண ரத்தத்தைவிடச் சற்றே அதிகம். செறிவைக் கூட்டினால் கட்டாயம் பலிக்கும் என்பதும் இன்னும் உறுதியாகவில்லை. ஆனாலும் எண்ணிக்கையே சொல்லாமல் ஊசி போடுவதை ஏற்க முடியாது.

பிரிப்பதிலும் பிழை நேர்கிறது. சுற்றி எடுத்த குழாயில் அடியில் சிவப்பு, மேலே வைக்கோல் நிறத் திரவம், நடுவே நூல் கனத்தில் ஒரு வெள்ளைப் படலம். பிளேட்லெட் செறிந்திருப்பது அந்தப் படலத்தை ஒட்டித்தான். மேல்திரவத்தை மட்டும் உறிஞ்சினால் வருவது பெரும்பாலும் பிளேட்லெட் குறைந்த பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி. படலத்தோடு எடுத்தால் வெள்ளணுவும் சேரும். முழங்காலுக்குள் அது வீக்கத்தைக் கூட்டலாம் என்பதால், மூட்டுக்கு வெள்ளணு குறைந்ததையே பலர் விரும்புகிறார்கள். தசைநாணுக்கு ஊசி முனையை அல்ட்ராசவுண்டில் பார்த்துப் போடுவது நல்லது.

ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைப் பொதுவாக ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், ஊசிக்குப் பின்னும் சில வாரம் தவிர்க்கச் சொல்வார்கள். பிளேட்லெட் தூண்டிவிடும் அழற்சியையே அவை அடக்கிவிடும். இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது. முதல் 2, 3 நாள் வலி கூடும், பாராசிட்டமால் போதும். காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்கினால் கிருமித்தொற்றாக இருக்கலாம், அன்றே காட்ட வேண்டும். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகும். அதற்குள் படிப்படியாகச் சுமை ஏற்றும் பயிற்சியைத் தொடங்காவிட்டால் தசைநாண் வலுப்பெறாது.

பிஆர்பியை ஸ்டெம்செல் (குருத்தணு) சிகிச்சை என்று விளம்பரம் செய்கிறார்கள். பிளேட்லெட்டில் உட்கருவே கிடையாது, அது ஸ்டெம்செல் ஆகாது. அடுத்த இதழில் இதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவத் துறை வாசகர்