தொட்டியைக் கொடுக்கவில்லை

அன்புள்ள குமரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் பருப்புப்பொடி அனுப்புகிற பார்சலிலேயே இந்தக் கடிதத்தையும் வைக்கிறேன். பார்சலைப் பிரித்ததும் முதலில் இதைப் படி.

"மீன் தொட்டியை யாருக்காவது கொடுத்துடுங்க" என்று ஒரு வரி அனுப்பியிருந்தாய். ஏன்ப்பா என்று கேட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. தொட்டியைக் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன். மறுநாள் விடியற்காலையில் உன் மஞ்சள்காரி கப்பி மீன் குட்டி போட்டுவிட்டாள்.

ஆண் கப்பி எல்லாம் மழை நேரத்துக் கரண்ட் கட்டிலேயே போய்விட்டதே, இது எப்படி என்று அப்பாவுக்கு ஆச்சரியம். ஒரு தடவை ஆணோடு சேர்ந்தால் போதும், மாசக்கணக்கில் உள்ளேயே வைத்துக்கொண்டு அடுத்தடுத்துப் போடும் என்று நீ பத்தாவது படிக்கும்போது சொன்னதை நான்தான் அவருக்குச் சொன்னேன். "பையன் சொன்னானா, அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றார். உன்னிடம் இதையெல்லாம் சொல்ல மாட்டார்.

நான் பார்க்கும்போது இரண்டு ஏஞ்சல் மீனும் செடியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. சில குட்டிகள் அவற்றின் வாய்க்குள் போயிருக்கும். மிச்சம் எல்லாம் பாசிக்குள்ளும் மேல்மட்டத்து இலைக்கு அடியிலும் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை, கண்ணும் ஒரு கோடும்தான். வலை போட்டால் நசுங்கும் என்று டம்ளரால் தண்ணீரோடு மொண்டு எடுத்தேன். பரணில் இருந்த சின்னத் தொட்டியைக் கழுவி, பெரிய தொட்டித் தண்ணீரையே ஊற்றி, கொஞ்சம் பாசியையும் பிய்த்துப் போட்டு அதில் விட்டிருக்கிறேன். புதுத் தண்ணீர் ஊற்றவில்லை. மோட்டார் ஃபில்டர் போட்டால் குஞ்சை இழுத்துவிடும், அதனால் ஏர் பம்பில் ஓடுகிற ஸ்பாஞ்ச் ஃபில்டர். கொளத்தூர் கடைக்காரர் பிரீடிங் பாக்ஸ் வாங்கிக்கொள்ளச் சொன்னார். தாயை அந்தச் சின்னப் பெட்டியில் அடைத்தால் மிரண்டுபோகும், எனக்கு அது பிடிக்கவில்லை. பாசி அடர்த்தியாக இருந்தால் பாதி வேலை முடிந்தது.

சாப்பாடுதான் பெரிய வேலை. பிறந்த அன்றைக்கே வாய் திறந்து தேடுகின்றன. ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை, ஒவ்வொரு வேளையும் ஒரு சிட்டிகை. மொத்தமாகப் போட்டால் தின்னாதது கீழே அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றச் சொல்கிறார்கள். துளி கூடினாலும் தண்ணீர் கலங்கிப்போகும், எனக்குத் தைரியமில்லை. ஆர்ட்டீமியா என்கிற பொடி இறாலின் முட்டை வாங்கி, ஒரு பாட்டிலில் உப்புத் தண்ணீரோடு போட்டு ஏர் டியூபைச் சொருகி வைத்தேன். நம் ஊர்ச் சூட்டுக்கு ஒரே நாளில் பொரிந்துவிட்டது. காற்றை நிறுத்திவிட்டு அடிப்பக்கம் டார்ச் அடித்தால், ஓடெல்லாம் மேலே மிதக்க, உயிருள்ளது அத்தனையும் ஆரஞ்சு நிறப் புகை மாதிரி வெளிச்சத்துக்கு இறங்கி வருகிறது. அதை டியூபில் உறிஞ்சி, துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுக்கிறேன். தின்றதும் ஒவ்வொரு குஞ்சின் வயிறும் ஆரஞ்சாகத் தெரிகிறது! யாருக்கு வயிறு நிறைந்தது, யாருக்கு நிறையவில்லை என்று பார்த்தாலே தெரிந்துவிடுகிறது. நீ அங்கே சாப்பிட்டாயா என்று எனக்கு அப்படித் தெரிவதில்லை.

மெஸ் சாப்பாடு வேண்டாம் என்றால் சோறு மட்டுமாவது வடித்துக்கொள். பொடி இருக்கிறது, நெய் அனுப்பியிருக்கிறேன். ராத்திரி பிஸ்கட் தின்றுவிட்டுப் படுக்காதே.

தண்ணீர் மாற்றுவதில் அவசரம் கூடாது. இரண்டு நாளுக்கு ஒரு தடவை பத்தில் ஒரு பங்கு போதும். மெட்ரோ தண்ணீரை வாளியில் பிடித்து வைத்து, ஆன்டி குளோரின் சொட்டு விட்டு, அதே சூட்டில் மெதுவாக ஊற்றுகிறேன். முழுசாக மாற்றினால் அந்த அதிர்ச்சியிலேயே செத்துப்போகும். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். உன்னிடம் கற்றதைத்தான் உனக்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். எதுவானாலும் ஒரேயடியாக மாற்றாதே, அவ்வளவுதான். வேலையாக இருந்தாலும் சரி, வேறு எதுவாக இருந்தாலும் சரி.

முன்னாடியெல்லாம் மோலி மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தால்கூட வீடியோ காலில் தொட்டியைக் காட்டச் சொல்வாய். இப்போது குட்டி போட்டதாகப் போட்டோ அனுப்பினேன், ஒரு கட்டைவிரல் மட்டும் வந்தது. ஆசையாக வளர்த்ததைக் கொடுத்துவிடச் சொல்கிற பிள்ளை இல்லை நீ. புனேயில் என்ன நடக்கிறது? ஆபீஸில் ஏதாவதா, அந்தப் பெண்ணோடு ஏதாவதா என்று தோண்டித் துருவ மாட்டேன். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கும் நீ வாட்ஸ்அப்பில் இருப்பது எனக்குத் தெரிகிறது. நானும் அந்த நேரத்தில் முழித்துக்கொண்டுதான் இருக்கிறேன். அப்போது கூப்பிடு. பேச ஒன்றுமில்லை என்றாலும் பரவாயில்லை, நான் மீனைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன். வர வேண்டும் போலிருந்தால் லீவு கிடைக்குமா என்றெல்லாம் பார்க்காமல் வந்துவிடு. டிக்கெட்டை அப்பா போடுவார்.

அத்தை வீட்டு விஷயம், மாடிக்காரர் விஷயம் எல்லாம் நேரில் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் நீதான் முடிவு செய்ய வேண்டும். குஞ்சுகள் ஏஞ்சல் வாய்க்கு அடங்காத அளவு வளர ரெண்டு மாசமாவது ஆகும். அதற்கு முன்பே நாலஞ்சு வாரத்தில் ஆண் பெண் தெரிய ஆரம்பித்துவிடும். பிரித்து வைக்க இன்னொரு தொட்டி வாங்கட்டுமா, இல்லை ஏஞ்சல் இரண்டையும் கொளத்தூர் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடட்டுமா? உன் மீன், உன்னைக் கேட்காமல் கொடுக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் பண்ணிச் சொல். மெசேஜில் வேண்டாம், கூப்பிட்டுச் சொல். அப்பாவும் அன்றைக்கு வீட்டில்தான் இருப்பார்.

அன்புடன்,
அம்மா