லென்ஸ் இறுகிப்போச்சுன்னு சொன்னியே கண்ணு

கண்ணு,

நேத்து போன்ல நீ சொன்னதுல இருந்து எனக்கு அதே நெனப்புதான். ரிங்கு திரும்பவே மாட்டேங்குது, பலமா திருப்புனா லென்ஸே கேமரா பாடில இருந்து கழண்டு வருதுப்பான்னு சொன்னியே, அது அப்படித்தான் வரும், ஏன்னா அந்த பழைய ஜப்பான் சூப்பர் டாகுமர் 42 எம்எம் மரைல திருகி மாட்டுற லென்ஸு, போகஸ் ரிங்கு இறுகிட்டா நீ குடுக்குற பலமெல்லாம் அந்த மரைக்குத்தான் போகும். அதனால இனிமே அத முறுக்காத சாமி. நான் சொல்றத முழுசா படிச்சுட்டு அப்பறம் கை வை.

முதல்ல ஏன் இறுகுதுன்னு தெரிஞ்சுக்கோ. கிரீஸ்ங்கறது எண்ணெயும், அத புடிச்சு வச்சிருக்குற சோப்பு மாதிரி ஒரு கெட்டிப் பொருளும் சேந்தது. வருசம் ஆக ஆக எண்ணெய் பிரிஞ்சு போயிரும், சோப்பு மட்டும் மெழுகாட்டம் மரைல ஒட்டிக்கிட்டு நிக்கும். நம்மூர் சித்திரை வெயில்ல இரும்பு பீரோவுக்குள்ள எத்தன வருசம் கெடந்துச்சு அது, இப்ப நீ எட்மண்டன்ல மைனஸ் 20ல வெளிய எடுத்துட்டுப் போற, பாவம் அது என்ன பண்ணும்.

எண்ணெய் மட்டும் விட்ராத. இத நான் அனுபவிச்சு சொல்றேன். 1991ல ஒரு முகூர்த்தத்துக்கு முன்னாடி இதே மாதிரி இறுக்கம், கடைல கழட்டிப் பாக்க நேரமில்லாம தையல் மெசின் எண்ணெய் ரெண்டு சொட்டு ரிங்கு இடுக்குல விட்டேன். அன்னைக்கு அருமையா திரும்புச்சு. மூணாவது வாரம் சத்தியமங்கலத்துல ஒரு கல்யாணம், வெளிச்சம் போற ஓட்டைய சின்னதாக்கி அப்பர்ச்சர் எட்டுல வச்சு பிளாஷ் போட்டு எடுத்தேன், எண்ணெய் ஊறி அந்த ஓட்டைய சுருக்குற அப்பர்ச்சர் பிளேடுக்கு போயி பிளேடு ஒன்னோட ஒன்னு ஒட்டி முழுசா மூடாமயே நின்னிருக்குது, எனக்குத் தெரியல. டெவலப் பண்ணிப் பாத்தா தாலி கட்டுற பிரேம் எல்லாம் நெகட்டிவ்ல கரேல்னு இருந்துச்சு, பிரிண்ட்ல பொண்ணு மூஞ்சியே வெளுத்துப் போயிருச்சு. பொண்ணோட அப்பா ஒரு வார்த்தை பேசல, ஆல்பத்த பொரட்டிப் பாத்துட்டு கீழ வச்சுட்டு போயிட்டாரு. அந்த மொகம் இன்னும் என் கண்ணுல நிக்குது கண்ணு.

சரி, இப்ப வேலைக்கு வரேன். ரிங்க இன்பினிட்டில, அதாவது ரொம்ப தூரத்துக்கான கடைசி குறில வை, முடியலன்னா எவ்வளவு தூரம் வருதோ அங்க வை, போன்ல போட்டோ எடு. ஒவ்வொரு பாகம் கழட்டறப்பவும் போட்டோ எடுக்கோணும். முன்னாடி பேர் போட்டிருக்குற வளையத்துக்கு கருவி மாட்ட வெட்டு கெடையாது, ரப்பர் வச்சு அழுத்தித்தான் திருப்போணும். பிளஸ் ஸ்க்ரூ வந்தா ஜப்பான் அளவு திருப்புளியா வாங்கிக்கோ, சாதாரண பிளஸ் போட்டா வழுக்கி தலைய தின்னுரும்.

உள்ள ஹெலிகாய்டு இருக்கும், ஒன்னுக்குள்ள ஒன்னு மூணு குழாயாட்டம், நடுவுல இருக்குறது பித்தளை. பின்பக்கம் ரெண்டு சின்ன கீ இருக்கும், கண்ணாடி இருக்குற பகுதி சுத்தாம நேரா முன்ன பின்ன போறது அதனாலதான். மொத்தமா ஒரு சென்டிமீட்டர் கூட நகராது பாத்துக்கோ, அதுக்குள்ளதான் அரை மீட்டர்ல இருந்து மலை வரைக்கும் எல்லாம் அடங்கியிருக்குது. எனக்கு இன்னமும் அது ஆச்சரியம்தான்.

கீய கழட்டுனதும் மரைய மெதுவா திருப்பிக்கிட்டே வா, டக்குனு ஒரு எடத்துல பிரியும். அந்த எடந்தான் உசுரு. ஊறுகா பாட்டில் தகர மூடி எந்தப் பக்கம் வச்சுத் திருகினாலும் ஏறிக்கும்ல, அந்த மாதிரி இதுலயும் மரை பல எடத்துல ஆரம்பிக்கும், தப்பான எடத்துல கோத்துட்டா வழவழன்னு ஏறிரும், ஆனா இன்பினிட்டி வராது. அதனால பிரியற நொடில ரெண்டு பக்கத்துலயும் ஊசியால கீறி வை, பேனா மார்க் வேண்டாம், கழுவுறப்ப அழிஞ்சிரும். ரெண்டு மரை இருக்குது, ரெண்டு தடவ பிரியும், ரெண்டுக்கும் தனித்தனியா கீறு. கீ எது எந்தப் பக்கம்னும் குறிச்சுக்கோ.

பழைய கிரீஸு பித்தளைல பச்சை பூத்து இருக்கும், பாத்து பயந்துக்காத. லைட்டர்ல ஊத்துற பெட்ரோல்ல பழைய டூத் பிரஷ்ஷ நனைச்சு தேயி, ஜன்னல தெறந்து வச்சுக்கோ, அடுப்பு பக்கத்துல வேண்டாம். அப்பறம் பல்லுக்குச்சிய மரைக்குள்ள விட்டு சுத்தி சுத்தி இழுத்துட்டே வா, குச்சி முனைல கருப்பா ஒரு இழை சுருண்டு வரும். குச்சி வெள்ளையா வர்ற வரைக்கும் பண்ணு, ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். பழசு மேல புதுசு தடவுனா உள்ள இருக்குற மண்ணும் தூளும் சேந்து மரையவே அறுத்துரும்.

கிரீஸ் லென்ஸுக்குன்னு விக்கிற, ரிங்குக்கு கனம் குடுக்குற டேம்பிங் கிரீஸ்தான் வாங்கணும், அதுலயும் லேசானது, குளிருக்கு தாங்கற சிந்தடிக். நான் இங்க போடற கெட்டி அந்த ஊருக்கு ஆகாது. மரை பள்ளம் மட்டும் மின்னுற அளவுக்கு தடவுனா போதும், மிச்சமானா அது மறுபடி பிளேடுக்குத்தான் போகும். கோத்துட்டு முப்பது தடவ முன்ன பின்ன திருப்பு, பிதுங்கி வர்றத தொடைச்சிரு. சந்தனக்கட்டைய கல்லுல இழைக்கிறப்ப கைக்கு ஒரு கனம் தெரியும் பாரு, அந்தக் கனம் வரோணும், லொடலொடன்னு சுத்துனா சரியில்ல.

கடைசியா நிலாவ பாத்து இன்பினிட்டி சரி பண்ணு, ரிங்க புடிச்சிருக்குற மூணு ஸ்க்ரூவ லூஸ் பண்ணி இன்பினிட்டி குறிய கோட்டுக்கு கொண்டு வந்து இறுக்கிட்டா முடிஞ்சுது. கண்ணாடி லேசா மஞ்சளா தெரிஞ்சா அது வேற விசயம், அந்த மாடல்ல சிலதுல தோரியம்ங்கற கதிர்வீச்சுப் பொருள் கலந்த கண்ணாடி, ஜன்னல் வெயில்ல சில வாரம் வச்சா தெளிஞ்சிரும்.

உன் முதல் பொறந்தநாளைக்கு நீ விரல் சூப்பிக்கிட்டு இருந்தியே, அந்தப் படம் இதுல கிட்ட போகக்கூடிய கடைசி 0.45 மீட்டர்ல எடுத்தது. அப்ப ரிங்கு எவ்வளவு பதமா நின்னுச்சுன்னு என் விரலுக்கு ஞாபகம் இருக்குது.

சனிக்கெழமை காலைல ஒம்பது மணிக்கு ஆரம்பி, எனக்கு ராத்திரி ஒம்பதரை, முழிச்சிருப்பேன். ரெண்டு கீயையும் கழட்டறதுக்கு முன்னாடி வீடியோ கால் போடு. மேசைல வெள்ளத் துணி விரிச்சுக்கோ, ஸ்க்ரூ விழுந்தா தெரியும்.

அப்பா