சரோஜாதேவி சேத்துப்பட்டுக்குப் போயிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய குடும்பப் படங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நோயும் கஷ்டமும் வந்து பிரிந்த சொந்தங்களைச் சேர்த்துவைக்கும் படங்களை இப்போது யார் எடுக்கிறார்கள் என்று கட்டுரையாளர் ஏங்கியிருந்தார். அந்தப் படங்களுக்கு நானும் அழுதவன்தான். அகஸ்தியாவிலோ மகாராணியிலோ பழைய சிவாஜி படம் போட்டால் அம்மாவையும் அத்தைகளையும் கூட்டிப்போவது வீட்டில் என் பொறுப்பாக இருந்தது. ஆனாலும் அந்தப் படங்கள் நோயைக் காட்டிய விதத்தோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

1961இல் வந்த 'பாலும் பழமும்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சரோஜாதேவிக்குக் காசநோய் வருகிறது. கணவரின் ஆராய்ச்சி தன்னால் கெட்டுவிடக் கூடாது என்று வீட்டைவிட்டே போய்விடுகிறார். கொட்டகை முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்கும். (அதே ஆண்டு வந்த 'பாசமலர்' படத்தையும் பீம்சிங்தான் இயக்கினார். இரண்டிலும் சிவாஜிக்குப் பார்வை போகிறது. ஒரே வருடத்தில் ஒரு மனிதருக்கு இவ்வளவு சோதனை ஆகாது.)

இதே சென்னையில் 1956இல் சேத்துப்பட்டில் காசநோய்க்கென்று ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். 193 நோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் மருத்துவமனையில், சேர்த்தும், மறு பாதியை அவரவர் வீட்டிலேயே வைத்தும் ஓராண்டு மருந்து கொடுத்தார்கள். எல்லாரும் நகரத்து ஏழைகள். வீட்டில் இருந்தவர்களுக்கு இடநெருக்கடி, சத்தான சாப்பாடும் இல்லை. 1959இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். கூட வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. உலகம் சானடோரியத்தை விட்டு வீட்டுச் சிகிச்சைக்கு மாறியதற்கு இந்த ஆய்வு ஒரு பெரிய காரணம். இது நடந்து இரண்டு வருடம் கழித்துத்தான் நம் கதாநாயகி வீட்டைவிட்டுப் போகிறார்! சேத்துப்பட்டுக்குப் போய் மருந்து வாங்கிக்கொண்டு மாலையில் வீடு திரும்பியிருக்கலாம். படம் நாலு ரீலில் முடிந்திருக்கும் என்பது எனக்கும் தெரியும்.

இதைக் குறையாகச் சொல்வதற்குக் காரணம் என் தம்பி. தண்டையார்பேட்டையில் அப்பா கட்டிய வீட்டில் முன்கட்டு எனக்கு, பின்கட்டு அவனுக்கு. பாகப்பிரிவினைத் தகராறில் பல வருடம் பேச்சுவார்த்தை இல்லை. அவனுக்கு இருமல் நிற்காமல் சளிப் பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்ததும் அவன் செய்த முதல் காரியம், தனித்தட்டு, தனி டம்ளரோடு மொட்டைமாடித் தகரக் கொட்டகைக்குப் போனதுதான். பிள்ளைகளைக் கிட்டே சேர்க்கவில்லை. யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை, அதுதான் தியாகம் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அவனைக் கீழே இறக்கியது என் மனைவி. கண்ணீரும் இல்லை, காலில் விழுவதும் இல்லை. தட்டிலும் டம்ளரிலும் இந்த நோய் பரவாது, ஒழுங்காக மருந்து சாப்பிட்டால் சில வாரங்களிலேயே தொற்றும் அபாயம் வெகுவாகக் குறைந்துவிடும் என்று சுகாதார ஊழியர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு மாடி ஏறினாள். "மாமனார் கட்டிய வீட்டில் உனக்கு மட்டும் என்ன தனிச் சத்திரம்?" என்று சத்தம் போட்டாள். பிறகு ஆறு மாதம் தினமும் காலையில் மாத்திரை. விழுங்கியதும் குமட்டும், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயந்துபோய் நிறுத்திவிடப் பார்ப்பான். இரண்டாம் மாதம் உடம்பு தேறியதும் இனி எதற்கு மாத்திரை என்று சண்டை. அந்தச் சண்டையில்தான் நானும் அவனும் மறுபடி பேச ஆரம்பித்தோம். முதலில் பேசியது திட்டு.

இந்த ஆறு மாதத்தை எந்த இயக்குநர் எடுப்பார்? நம் திரைக்கதைக்கு ஒரு சாவு வேண்டும். 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தில் நோயாளி பிழைத்துக்கொள்கிறார், பதிலுக்கு மருத்துவர் இறந்துபோகிறார். ஸ்ரீதர் அதை அற்புதமாக எடுத்தார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சாகப்போகிறவரை மன்னிப்பது சுலபம். பிழைத்துக்கொண்டு, நாளைக்கும் அதே குழாயடியில் குடத்தோடு எதிரே வந்து நிற்கப்போகிறவரிடம் சமாதானமாவது எப்படி என்று எந்தப் படமும் எனக்குச் சொல்லவில்லை.

ஆகவே கட்டுரையாளருக்கு என் பதில்: அந்த மாதிரிப் படங்கள் திரும்பி வரவேண்டாம். எடுக்க நினைப்பவர்கள் வடசென்னையின் ஏதாவதொரு அரசு மருத்துவமனையில் புறநோயாளிச் சீட்டு வாங்கும் வரிசையில் ஒரு காலைப்பொழுது நிற்கட்டும். வத்திப்பெட்டி வீடுகளிலிருந்து வந்து, பழைய கோபத்தோடேயே ஒருவருக்கொருவர் இடம் பிடித்துக் கொடுக்கும் அண்ணன் தம்பிகள், நாத்தனார்கள், மாமியார் மருமகள்கள் அங்கே நிறையப் பேர்.

தம்பிக்கு இப்போது பூரண குணம். பாகப்பிரிவினை வழக்கு இன்னும் நடக்கிறது. போன வாய்தாவுக்கு இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போனோம், டிக்கெட் அவன் எடுத்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81.