பழகிப்போவதற்கு முன் ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். நான் மீண்டும் எழுந்து நடமாடத் தொடங்கிவிட்ட செய்தியை வீட்டார் உங்களில் பலருக்கு ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள். ஆயினும் என் கைப்படவே நன்றி எழுத வேண்டும் என்பதற்காக இவ்வளவு காலம் காத்திருந்தேன். பேனாவைப் பிடித்து ஒரு பக்கம் எழுதும் வலு விரல்களுக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. இந்த மடலை மேலும் தள்ளிப்போடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. சட்டைப் பொத்தானை நானே போட்டுக்கொள்வதும், குழாயை நானே திறந்து மூடுவதும், படுத்த நிலையில் நினைத்த பக்கம் திரும்பிப் படுப்பதும் இன்று எனக்குப் பெரும் மகிழ்ச்சியைத் தருகின்றன. உடல் தேறத் தேற இவையெல்லாம் பழகிப்போகும் என்பதை நான் அறிவேன். அப்படிப் பழகிப்போவதற்கு முன்பாகவே, இவை ஒவ்வொன்றையும் எனக்கு மீட்டுத் தந்தவர்கள் யார் யார் என்று எழுதிவைத்துவிட விரும்புகிறேன்.

எனக்கு வந்தது கில்லன் பாரே நோய். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916ஆம் ஆண்டில் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்னும் மூன்று பிரெஞ்சு மருத்துவர்கள் இரண்டு படைவீரர்களிடம் கண்டு விவரித்த நோய் இது. ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ மட்டுமே வருகிறது. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்துபோன சில வாரங்களில், கிருமியை எதிர்த்துக் கிளம்பிய நோய் எதிர்ப்பாற்றல் இலக்குத் தவறி உடலின் நரம்புகளையே தாக்கத் தொடங்குகிறது. மின்கம்பியின் மேலுறையைப் போல நரம்பைச் சுற்றியிருக்கும் மயலின் உறை சிதைந்துவிடுவதால், மூளை இடும் கட்டளை தசையைச் சென்றடைவதில்லை. பாதங்கள் மரத்துப்போவதில் தொடங்கிய தளர்ச்சி, முழங்கால், இடுப்பு, கைகள் என்று மேலேறி, என் முகத்தையும் மார்பையும் எட்டியது. இத்தனைக்கும் நினைவு சிறிதும் மங்கவில்லை. சுற்றி நடப்பது அனைத்தையும் கேட்டுக்கொண்டும் புரிந்துகொண்டும், ஒரு விரலைக்கூட அசைக்க முடியாமல் கிடந்தேன்.

என் உயிர் தங்கியதற்கு, அன்று பணியில் இருந்த இளம் மருத்துவருடைய கவனமே முதற்காரணம். ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பார்ப்பது மூச்சுத் தசைகளின் வலுவை அறிய உதவும் எளிய வழி. அவர் என்னை எண்ணச் சொன்னார். காலையில் முப்பதைத் தாண்டிய எண்ணிக்கை மாலைக்குள் இருபதை எட்டவில்லை. பார்ப்பதற்கு நான் அப்போதும் அமைதியாகத்தான் இருந்தேன், மூச்சிரைப்பு எதுவும் வெளியே தெரியவில்லை. ஆனாலும் அவர் காத்திராமல் மூத்த மருத்துவரை அழைத்தார். அன்றிரவே என்னைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினார்கள். இந்நோய் கண்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குச் செயற்கைச் சுவாசம் தேவைப்படுகிறது என்பதையும், மூச்சுத் தளர்ச்சியை முன்கூட்டியே கண்டுகொள்வது எவ்வளவு முக்கியம் என்பதையும் பின்னர் அறிந்துகொண்டேன். டாக்டர், நீங்கள் எண்ணச் சொன்ன எண்களுக்காக என் குடும்பம் முழுவதும் உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது.

தொண்டையில் குழாய் இருந்ததால் பேச்சு இல்லை, கையசைவும் இல்லை. அந்த நாட்களில் என்னை மனிதர்களோடு இணைத்து வைத்தவள் என் அண்ணன் மகள். ஓர் அட்டையில் 12 உயிரெழுத்துகளை ஒரு வரிசையிலும், 18 மெய்யெழுத்துகளை அதன்கீழ் மூன்று வரிசைகளிலும் பெரிதாக எழுதி எடுத்து வந்தாள். முதலில் வரிசை வரிசையாக விரலை வைப்பாள். வேண்டிய வரிசை வந்ததும் நான் விழிகளை மேலே உயர்த்துவேன். பிறகு அந்த வரிசைக்குள் எழுத்து எழுத்தாக நகர்வாள். மெய்யையும் உயிரையும் அவளே கூட்டி வாய்விட்டுச் சொல்வாள். 247 எழுத்துகளையும் அட்டையில் எழுதியிருந்தால் ஒரு சொல்லை முடிப்பதற்குள் நான் சோர்ந்துபோயிருப்பேன். முப்பதே எழுத்துகளில் எதையும் சொல்லிவிடலாம் என்று அந்தச் சிறு பெண் தானாகவே கண்டுகொண்டதை எண்ணி இன்றும் வியக்கிறேன். அப்படி நான் சொன்ன முதற்சொல் ‘தலையணை’. அது கழுத்தை ஒரு பக்கமாக அழுத்திக்கொண்டிருந்தது. அவள் அதை எடுத்துத் தட்டித் திருப்பி வைத்தபோது கன்னத்தில் பட்ட குளிர்ச்சி, நோய் தொடங்கிய பிறகு நான் அடைந்த முதல் இன்பம் என்பேன். ஒருவர் வேண்டுவதைச் சொல்ல, இன்னொருவர் கேட்டுச் செய்ய, இவ்வளவு எளிய கொடுக்கல் வாங்கலில் இத்தனை நிம்மதி இருப்பதை அந்தத் தலையணை வழியாகத்தான் அறிந்தேன்.

இரவுப் பணிச் செவிலியர்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்! படுக்கைப்புண் வராமல் இருக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்னைப் புரட்டிப் படுக்க வைத்தீர்கள். முகத் தசைகள் தளர்ந்து இமைகள் மூடாமல் நின்றுவிட்டதால், கருவிழி உலர்ந்துவிடாதபடி மருந்துக் களிம்பை இட்டு, மெல்லிய ஒட்டுநாடாவால் இமைகளை மூடிவிட்டீர்கள். நாடாவை ஒட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு முறையும் ‘இப்போது கண்ணை மூடப்போகிறேன், பக்கத்தில்தான் இருப்பேன்’ என்று சொல்வார் ஒருவர். பதில் பேச முடியாத ஒருவனிடம் சொல்லாமலேயே ஒட்டிவிட்டுப் போயிருக்கலாம். யாரும் குறைசொல்லியிருக்க மாட்டார்கள். அவர் ஒருநாளும் சொல்லாமல் இருந்ததில்லை. இப்போது தூக்கம் வரும்போது இமைகள் தாமாக மூடிக்கொள்கின்றன. அந்த ஒரு கணத்தில் அந்தக் குரலை நினைத்துக்கொண்டே உறங்குகிறேன்.

இந்நோய் பெரும்பாலும் நான்கு வாரங்களுக்குள் உச்சத்தைத் தொட்டு, சிறிது காலம் அங்கேயே நின்று, பிறகு மெல்ல இறங்கும். அப்படி நின்றுவிட்ட காலம்தான் மிகக் கடினமானது, ஏனெனில் தேறுகிறதா இல்லையா என்று சொல்ல எந்த அடையாளமும் கிடைப்பதில்லை. அந்த நாட்களிலும் இயன்முறை மருத்துவர் தவறாமல் வந்தார். மூட்டுகள் இறுகிவிடாமல் இருக்க ஒவ்வொரு மூட்டையும் தம் கைகளால் மடக்கி நீட்டினார். பாதங்கள் தொங்கிப்போகாமல் இருக்கக் கட்டைகளைப் பொருத்தினார். தளர்ச்சி கீழிருந்து மேலேறியதைப் போல, வலு மேலிருந்து கீழிறங்கித் திரும்பும் என்று அவர் சொல்லியிருந்தார். அவ்வாறே ஒருநாள் என் தோளில் விரல்களை வைத்து உயர்த்தச் சொன்னவர், கண்ணுக்குத் தெரியாத ஒரு துடிப்பை விரல் நுனியில் உணர்ந்து, மறுபடியும் செய்யச் சொல்லி, அறையில் இருந்த அனைவரையும் அழைத்துத் தொட்டுப் பார்க்கச் செய்தார். எனக்கே தெரியாத என் அசைவை முதலில் அறிந்தவர் அவர். பின்னாளில் ஆர்வத்தில் நான் அளவுக்கு மீறி முயன்றபோது, தேறிவரும் தசைகளைக் களைக்கவைக்கக் கூடாது என்று கண்டிப்புடன் தடுத்து உட்காரவைத்தவரும் அவரே.

தொண்டைக் குழாயில் பேச உதவும் சிறு வால்வைப் பொருத்திய நாளில் நான் கேட்டது ‘மணி என்ன?’ என்பதுதான். செவிலியர் கடிகாரத்தைப் பார்த்து மணியைச் சொல்லிவிட்டு, கேட்டது யார் என்று அதன் பிறகே உணர்ந்து, கையிலிருந்ததைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார்.

வீட்டைச் சுமந்த என் மனைவிக்கு இந்த மடலில் நன்றி எழுதினால் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார், ஆகவே அதை நேரில் சொல்லிக்கொள்கிறேன். மகனைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று திரும்பக் கூட்டிவந்த பக்கத்து வீட்டாருக்கும், என் வேலைகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டு அதைப் பற்றி ஒரு சொல்லும் என்னிடம் பேசாத அலுவலக நண்பர்களுக்கும், மாலைதோறும் வந்து செய்தித்தாளைப் படித்துக் காட்டிய நண்பருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. ‘எப்படி இருக்கிறாய்’ என்று கேட்காமல் நேராக முதல் பக்கத் தலைப்பைப் படிக்கத் தொடங்கும் அவருடைய வழக்கம், அந்த அரைமணி நேரத்துக்கு என்னை நோயாளி அல்லாதவனாக ஆக்கியது.

இன்றும் பாதங்களில் சிறிது மதமதப்பு இருக்கிறது. சோர்வு சொல்லாமல் வரும். படியேறும்போது நடுவில் அமர்ந்து எழுகிறேன். இந்நோயில் சோர்வு நெடுநாள் நீடிப்பது வழக்கமே என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆனால் படியில் அமர்ந்திருக்கும் அந்த நேரத்தை நான் வெறுக்கவில்லை. யார் மேலே போகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்று பார்க்கிறேன். வழக்கமாக அவசரத்தில் கடந்துபோகும் அக்கம்பக்கத்தார் நின்று இரண்டு வார்த்தை பேசுகிறார்கள். குவளையைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோய், உதடுகளைச் சேர்த்து நீரை உறிஞ்சி, விழுங்குகிறேன். இதில் எத்தனை தசைகள் ஒத்துழைக்கின்றன என்பதை அறிந்த பிறகு, ஒரு மிடறு நீர் எனக்குப் போதிய நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய காரியமாகிவிட்டது.

இதே நோயோடு இப்போது படுத்திருப்பவர்களின் வீட்டார் எவரேனும் இதைப் படிக்கக்கூடும். பெரும்பாலானோர் ஆறு மாதங்களுக்குள் துணையின்றி நடக்கிறார்கள். சிலருக்குக் கூடுதல் காலம் பிடிக்கிறது. அவரால் பதில் சொல்ல முடியாவிட்டாலும் அவரிடம் பேசிக்கொண்டே இருங்கள். அவருக்குக் கேட்கிறது.

இறுதியாக, முகவரி தெரியாத சிலருக்கு எழுத வேண்டும். எனக்கு ஏற்றப்பட்ட இம்யூனோகுளோபுலின் மருந்து எந்த ஆலையிலும் வெறும் வேதிப்பொருள்களால் செய்யப்படுவதில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்கள் அளித்த பிளாஸ்மாவை, அதாவது இரத்தத்தின் நீர்மப் பகுதியை, ஒன்றுசேர்த்து, அதிலிருந்து பிரித்தெடுக்கப்படுகிறது. இது இந்நோய்க்குப் பலன் தரும் என்பதை 1992இல் நெதர்லாந்து மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதில் பங்கேற்கச் சம்மதித்த ஏறத்தாழ 150 நோயாளிகளும் இந்நோயால் துணையின்றி நடக்க முடியாமல் இருந்தவர்கள். அவர்களுக்கும் என் வணக்கம். பிளாஸ்மா அளித்தவர்களே, நீங்கள் முழங்கையில் ஒட்டிய பஞ்சோடு எழுந்து அன்றைய வேலையைப் பார்க்கப் போயிருப்பீர்கள். நீங்கள் கொடுத்தது யாரைச் சென்றடைந்தது என்பது உங்களுக்குத் தெரியாது, எனக்குள் ஏறியது எவருடையது என்பது எனக்கும் தெரியாது. ஆகவே, எப்போதாவது இரத்தமோ பிளாஸ்மாவோ கொடுத்த ஒருவர் இதைப் படிக்க நேர்ந்தால், இந்த மடல் தம் பெயருக்கே எழுதப்பட்டது என்று தயவுகூர்ந்து ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

என்றும் நன்றியுடன்,
உங்களால் எழுந்து நடப்பவன்